எந்த போர்டில் சேர்ப்பது? வாசகர் கேள்விகளும் ஓர் ஆசிரியையின் பதில்களும்

கேள்வி: என் மகள் மெட்ரிக் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள். எங்கள் பக்கம் புதிதாக ஓர் 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' வந்திருக்கிறது. என் நாத்தனார் தன் பிள்ளைகள் இருவரையும் அங்கே மாற்றிவிட்டார். "இன்னும் சமச்சீரிலேயே வைத்திருந்தால் பிள்ளை பின்தங்கிவிடும்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். எங்களுக்குப் பனியன் தொழில். ஆர்டர் வரும் வருடம் ஒரு மாதிரி, வராத வருடம் ஒரு மாதிரி. மாற்றலாமா? – ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் அந்தப் பள்ளி எந்த போர்டு என்று கேளுங்கள். பெயரில் 'இன்டர்நேஷனல்' இருந்தால் பாடத்திட்டமும் சர்வதேசம் என்று அர்த்தமில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் அப்படிப் பெயர் வைத்த பள்ளிகள் பலவற்றில் நடப்பது சி.பி.எஸ்.இ. பாடம்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு இணைப்பு எண் இருக்கும், போர்டின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், சர்வதேச பாக்கலரேட் எனப்படும் ஐ.பி. ஆகிய வெளிநாட்டுப் பாடத்திட்ட அமைப்புகளின் இணையதளங்களிலும் ஊர்வாரியாகப் பள்ளிகளைத் தேடலாம். "அப்ளை பண்ணியிருக்கிறோம், வந்துவிடும்" என்று பதில் வந்தால் அனுமதி இன்னும் வரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் இயற்பியல் ஆசிரியை. மெட்ரிக் பள்ளியில் ஆரம்பித்து, சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் போய், ஓய்வு பெறும்வரை கேம்பிரிட்ஜ் பாடம் நடத்தியவள். ஆகவே இந்த வித்தியாசத்தை ஒரே ஒரு பாடத்தை வைத்துச் சொல்கிறேன். எல்லா போர்டிலும் பத்தாம் வகுப்பை ஒட்டி ஓம் விதி வரும். வெப்பநிலை மாறாதவரை, மின்னழுத்தம் (வோல்ட்) எத்தனை மடங்கு ஏறுகிறதோ மின்னோட்டமும் (ஆம்பியர்) அத்தனை மடங்கு ஏறும் என்பதுதான் அது.

சமச்சீரில், அதாவது மாநிலப் பாடத்திட்டத்தில், 'ஓம் விதியைக் கூறுக' என்று ஒரு கேள்வி வரும். அப்புறம் மின்னழுத்தமும் மின்னோட்டமும் கொடுத்து மின்தடை கேட்கும் ஒரு கணக்கு வரும். விதியை வார்த்தை பிசகாமல் எழுதி, அலகோடு விடை போட்டால் முழு மதிப்பெண். 2018, 2019-ல் வந்த புதிய பாடப் புத்தகங்கள் உண்மையிலேயே நல்ல புத்தகங்கள். பழையதைவிட ஆழம் அதிகம். ஆனால் 'புக் பேக்' கேள்விகளை மட்டும் கரைத்துக் குடிக்க வைக்கும் பழக்கம் பள்ளிகளை விட்டுப் போகவில்லை. சி.பி.எஸ்.இ.யில் அதே பாடம் கூற்று–காரணமாகவோ, ஒரு வீட்டின் ஒயரிங்கைக் கொடுத்து அதிலிருந்து நாலு கேள்வியாகவோ வரும். கேள்வித்தாளில் பாதி இப்போது இப்படிப் பயன்படுத்திப் பார்க்கும் கேள்விகள்தான்.

கேம்பிரிட்ஜின் பத்தாம் வகுப்புத் தேர்வான ஐ.ஜி.சி.எஸ்.இ.யில் விதியைச் சொல்லச் சொல்வது குறைவு. ஓர் இழை பல்பில் எடுத்த அளவீடுகள் அட்டவணையாக வரும். 2 வோல்ட்டுக்கு 0.8 ஆம்பியர், 4 வோல்ட்டுக்கு 1.2, 6 வோல்ட்டுக்கு 1.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் போடு என்பார்கள். அப்புறம், 'வோல்ட் இரண்டு மடங்கானபோது ஆம்பியர் ஏன் இரண்டு மடங்காகவில்லை?' என்று ஒரு கேள்வி. இழை சூடாகிறது, அதனால் மின்தடை ஏறுகிறது என்று பிள்ளை தானாகக் கண்டுபிடித்து எழுத வேண்டும். ஐ.பி.யின் கடைசி இரண்டு வருடப் படிப்பில் கேள்வியையே மாணவர்தான் உருவாக்க வேண்டும். தானே ஒரு சோதனையை வடிவமைத்துச் செய்து, 3,000 வார்த்தைக்குள் அறிக்கை எழுத வேண்டும். இயற்பியல் மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்கு. இது நம் மண்ணுக்கு நேற்று வந்ததும் இல்லை. கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளியில் 1976-லேயே ஐ.பி. வந்துவிட்டது.

என்னிடம் மெட்ரிக்கிலிருந்து வந்த பிள்ளைகள் கணக்கைச் சடசடவென்று போட்டுவிட்டு வரைபடத்தைப் பார்த்ததும் திகைத்து நிற்பார்கள். சின்ன வயதிலிருந்தே கேம்பிரிட்ஜ் படித்தவர்கள் அழகாக விளக்கம் எழுதுவார்கள், ஆனால் பின்னத்தை மாற்றிப் போடச் சொன்னால் கால்குலேட்டரைத் தேடுவார்கள். இரண்டும் பழக்கத்தில் வருவதுதான். நல்ல ஆசிரியர் கையில் இரண்டு குறையும் ஒரு வருடத்துக்குள் சரியாவதைப் பார்த்திருக்கிறேன். அக்கறையில்லாத ஆசிரியர் கையில் எந்த போர்டிலும் சரியாகாது. அதனால் நீங்கள் பள்ளியைப் பார்க்கப் போகும்போது நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். போன வருடம் இங்கே இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் வெறும் டிக் போட்டிருக்கிறாரா, ஓரத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள்.

இனிப் பண விஷயம். கேம்பிரிட்ஜ், ஐ.பி. என்றால் பல பள்ளிகளில் வருடத்துக்குச் சில லட்சங்கள் ஆகும். வகுப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். பொதுத்தேர்வுக் கட்டணம் பாடத்துக்கு இவ்வளவு என்று தனியாக வரும். ஆர்டர் இல்லாத வருடத்திலும் கட்டக்கூடிய தொகையா என்று நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். எட்டிலோ ஒன்பதிலோ பணத்துக்காகப் பிள்ளையைத் திரும்ப இழுப்பதுதான் அவளுக்குப் பெரிய அடி. சி.பி.எஸ்.இ.க்குப் போவதாக இருந்தால் ஆறாம் வகுப்பு நல்ல நேரம். ஒன்பதில் போர்டு பதிவு நடந்துவிடும், அதைத் தாண்டினால் சிரமம்.

உங்கள் கடிதத்தைப் படித்த அளவில், உங்கள் மகளுக்கு இப்போது மாற்றம் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. நன்றாகப் படிக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாத்தனார் பிள்ளைகள் போய்விட்டார்கள் என்பது ஒரு காரணமே இல்லை.

கேள்வி: என் மகன் ஐ.ஜி.சி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். டாக்டராக வேண்டும் என்று இப்போது சொல்கிறான். இதே பள்ளியில் ஏ லெவல் படித்தால் நீட் எழுத முடியுமா? இளையவளை ஐ.பி.யில் சேர்க்கவும் யோசனை இருக்கிறது. – ஒரு தந்தை, சேலம்

பதில்: எழுத முடியும் சார். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஏ லெவல் வரை, அதாவது கேம்பிரிட்ஜின் பிளஸ் டூ வரை, முழுசாகப் படித்து, ஆங்கிலமும் இருந்து, இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு தரும் சமநிலைச் சான்று விதிகளுக்கு உட்பட்டிருந்தால் தடையில்லை. ஆங்கிலத்தை எந்த நிலையில் எடுக்க வேண்டும் என்பதைப் பள்ளியிடம் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையில் விடாதீர்கள்.

ஆனால் நீங்கள் இன்று பார்க்க வேண்டியது வேறு. உங்கள் மகன் இப்போது எந்த அறிவியல் எடுத்திருக்கிறான்? ஐ.ஜி.சி.எஸ்.இ.யில் மூன்று அறிவியலையும் தனித்தனிப் பாடமாகவும் எடுக்கலாம், மூன்றையும் சேர்த்து 'கம்பைன்ட் சயின்ஸ்' என்று ஒரே பாடமாகவும் எடுக்கலாம். கம்பைன்ட் எடுத்த பிள்ளை பதினொன்றில் மூன்று அறிவியலுக்குள் நுழையும்போது மூச்சு வாங்கும். கணிதத்திலும் 'கோர்', 'எக்ஸ்டெண்டட்' என்று இரண்டு உண்டு. கோர் எடுத்தால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி கிரேடுக்கு மேல் கிடைக்காது. "பிள்ளைக்குச் சுமை வேண்டாம்" என்று சில பள்ளிகள் தாங்களே கோரில் போட்டுவிடுவார்கள். பெற்றோருக்குப் பத்தாவது முடிவில்தான் தெரியவரும். ஒன்பதாவதிலேயே இதை மாற்றிக்கொள்ள நேரம் இருக்கிறது. நாளைக்கே போய்க் கேளுங்கள்.

நீட் என்பது 180 நிமிடத்தில் 180 கேள்வி. அதில் 90 உயிரியல். பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் படிக்கும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் வரியை ஒட்டியே வரும். கேம்பிரிட்ஜ் உயிரியல் அருமையான பாடம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்.சி.இ.ஆர்.டி.யில் உள்ள தாவர, விலங்கு வகைப்பாடு போன்றவை அங்கே அதே அளவில் இல்லை. ஏ லெவல் படித்துக்கொண்டே நீட்டுக்கும் தயாராகும் பிள்ளை இரண்டு பாடத்திட்டத்தைச் சுமக்கிறது. மருத்துவம்தான், இந்தியாவில்தான் என்று உறுதியாக இருந்தால் பதினொன்றில் சி.பி.எஸ்.இ.க்கோ மாநிலப் பாடத்திட்டத்துக்கோ மாற்றுவதையே நான் சொல்வேன். மாநிலப் பாடத்திட்டத்தில் பயோ மேத்ஸ் குரூப்பும் உண்டு, கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப்பும் உண்டு. தமிழில் தடுமாறுவான் என்றால் பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு போன்ற வேறு மொழிப்பாடம் தரும் பள்ளிகள் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 முதல் அரசு எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் இதைச் சாக்காக வைத்து, பிளஸ் ஒன் தொடங்கும் ஜூனிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கும் பள்ளி உங்களுக்கு வேண்டாம். நீட்டில் ஏறக்குறையப் பாதிக் கேள்விகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்துதான் வருகின்றன.

அப்புறம் தேதி. கேம்பிரிட்ஜ் மே–ஜூன் தேர்வின் முடிவு ஆகஸ்டில் வரும். நம் ஊர்ப் பள்ளிகளில் பிளஸ் ஒன் வகுப்பு ஜூனில் தொடங்கிவிடும். இதற்காகவே இந்தியாவில் மார்ச் தேர்வு என்று ஒன்று உண்டு, அதன் முடிவு மே மாதம் வந்துவிடும். எல்லாப் பாடமும் அதில் இருக்காது. மகனின் பாடங்கள் இருக்கின்றனவா என்று பள்ளியில் பாருங்கள்.

இளையவளுக்கு ஐ.பி. என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.பி. டிப்ளமோவில் ஆறு பாடம். மொழி, சமூக அறிவியல், அறிவியல், கணிதம் என்று பிரிவுவாரியாக எடுக்க வேண்டும். அதனால் சாதாரணமாக இரண்டு அறிவியலுக்குத்தான் இடம் இருக்கும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டுமானால் பள்ளி முன்கூட்டியே தனி அனுமதி வாங்க வேண்டும். பதினொன்றில் சேர்ந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

கேள்வி: அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர மாநில போர்டு நல்லதா, சி.பி.எஸ்.இ.யா? – ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு இல்லை. 2007-லேயே அது போய்விட்டது. பிளஸ் டூ கணிதம் நூறுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, மொத்தம் 200-க்குக் கட்ஆஃப். அதற்கு மாநில போர்டு நேரான வழி. வேறு போர்டு மதிப்பெண்களைச் சமன்படுத்தும் முறை சட்டத்திலேயே இருக்கிறது, அதனால் மற்றவர்களுக்கும் கதவு மூடவில்லை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. என்றால் ஜே.இ.இ. எழுத வேண்டும், அதற்கு என்.சி.இ.ஆர்.டி. பாடப் பழக்கம் உதவும். உங்கள் பிள்ளை ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிப்பவர் என்றால் மாற்றவே மாற்றாதீர்கள். 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொறியியலுக்கும் உண்டு, மருத்துவத்துக்கும் உண்டு. அதை விட்டுவிட்டுத் தனியார் பள்ளிக்குக் கடன் வாங்கிப் போன குடும்பங்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

கேள்வி: துபாயில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் மகள் 'இயர் 5' படிக்கிறாள். இரண்டு வருடத்தில் கோவைக்குத் திரும்பும் எண்ணம். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. எந்தப் பள்ளியில் சேர்ப்பது? – ஒரு வாசகி, துபாய்

பதில்: இயர் 5 என்பது நம் ஊரில் நாலாம் வகுப்புக்குச் சமம். நிறையப் பேர் ஐந்து என்று நினைத்துக்கொண்டு வந்து, இங்கே ஒரு வருடம் குறைத்துவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறார்கள். யாரும் குறைக்கவில்லை, எண்ணும் முறைதான் வேறு. அங்கே பிரிட்டிஷ் பள்ளிகளில் ஆண்டு முடிவது ஜூன் கடைசி, ஜூலை. இங்கே ஜூனில் வகுப்பு தொடங்கிவிடும். அதனால் சேர்க்கையை முந்தைய ஜனவரி, பிப்ரவரியிலேயே பேசி வைக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழை அங்குள்ள கல்வித் துறையில் அட்டெஸ்ட் செய்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இங்கே வந்த பிறகு அதற்காக அலைவது பெரும்பாடு.

பாடத்திட்டம் உங்களுக்கு இரண்டாம் கேள்விதான். தமிழ்தான் முதல் கேள்வி. 2006-ல் வந்த தமிழ் கற்கும் சட்டப்படி இங்கே பத்தாவது வரை தமிழ் படிக்க வேண்டும். அந்தக் கட்டாயம் சி.பி.எஸ்.இ. போன்ற மற்ற போர்டு பள்ளிகளுக்கும் 2015-16-ல் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாக வந்தது. ஆறாம் வகுப்பில் மற்ற பிள்ளைகள் செய்யுளுக்குப் பொருள் எழுதும்போது உங்கள் மகள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சம் வந்தால் மொழியையே வெறுத்துவிடுவார்கள். அதைத்தான் நாம் வரவிடக் கூடாது.

மஸ்கட்டிலிருந்து வந்த ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பலகைகளைப் படித்துப் படித்தே தமிழ் எழுத்தைப் பிடித்துக்கொண்டான். பொள்ளாச்சி, உக்கடம், சூலூர், கணபதி என்று தினமும் அதே பெயர்கள். 'பொ'வில் ஒற்றைக் கொம்பும் காலும் ஓர் எழுத்தின் இரண்டு பக்கமும் ஏன் நிற்கின்றன என்று என்னிடம் வந்து கேட்டான். அந்தக் கேள்வி வந்துவிட்டால் மொழி வந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் மகளுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கால் மணி நேரம் போதும். தாத்தா பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது தமிழிலேயே எழுதட்டும். தங்கிலீஷில் எழுத விடாதீர்கள்.

பள்ளியைப் பொறுத்தவரை, இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி வெளிநாடு போக வாய்ப்பிருந்தால் கேம்பிரிட்ஜ் தொடரட்டும். வளைகுடா நாடுகளில் சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் ஏராளம் என்பதால் அதுவும் தோதுதான். ஊரிலேயே நிலையாக இருக்கப்போகிறீர்கள் என்றால் வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு நல்ல சி.பி.எஸ்.இ. அல்லது மாநிலப் பாடத்திட்டப் பள்ளி போதும்.

கேள்வி: ஐ.சி.எஸ்.இ. பற்றி யாரும் பேசுவதே இல்லையே? – ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இதுவும் சி.பி.எஸ்.இ. போல நாடு முழுவதற்குமான ஒரு போர்டுதான். பள்ளிகள் குறைவு, அதனால் பேச்சும் குறைவு. ஆங்கிலத்தில் மொழிக்கு ஒரு தாள், இலக்கியத்துக்கு ஒரு தாள். அறிவியலில் மூன்று தனித்தனித் தாள்கள். நிறைய வாசிக்கும் பிள்ளைக்கு மிக நல்ல அடித்தளம். பன்னிரண்டாவது வரை அதே போர்டில் தொடர உங்கள் ஊரில் பள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பேரன் சென்னையில் ஐ.பி. பள்ளியில் நாலாம் வகுப்பு. பரீட்சை கிடையாதாம். எப்போதும் ப்ராஜெக்ட். போன முறை வந்தபோது ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டேன், விரலை மடக்குகிறான். நான் அரசுப் பள்ளியில் படித்து வங்கியில் வேலை பார்த்தவன். மகனும் மருமகளும் "இப்போது மனப்பாடம் எல்லாம் கூடாது அப்பா" என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? – ஒரு தாத்தா, காரைக்குடி

பதில்: ஐயா, நீங்கள் கவலைப்படுவது நியாயம். வாய்ப்பாடு வேண்டும். எந்த போர்டாக இருந்தாலும் வேண்டும். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் கால்குலேட்டர் கிடையாது. கேம்பிரிட்ஜிலேயே 2025 முதல் ஐ.ஜி.சி.எஸ்.இ. கணிதத்தில் ஒரு தாளைக் கால்குலேட்டர் இல்லாமல்தான் எழுத வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நாக்கில் வராத பிள்ளைக்குப் பின்னமும் வராது, இயற்கணிதமும் இழுக்கும். வகுப்பில் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

அதே நேரம் பேரன் படிக்கும் முறையையும் நான் மதிக்கிறேன். தொடக்க வகுப்புகளில் ஐ.பி.யில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் அதைச் சுற்றியே மொழி, அறிவியல், சமூகம் எல்லாம் நடக்கும். தண்ணீர் என்று ஒரு பொருள் வந்தால் பிள்ளை தானே கேள்வி எழுப்பி, ஆட்களைக் கேட்டு, படம் போட்டு வந்து சொல்ல வேண்டும். உங்களைப் போல ஒரு தாத்தா அதற்குக் கிடைப்பது பெரிய பாக்கியம். காரைக்குடி ஊருணிகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, வரத்துக்கால் எங்கே அடைந்திருக்கிறது, உங்கள் சின்ன வயதில் குடிதண்ணீர் எடுத்த ஊருணி எது என்று சொல்லுங்கள். செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்தில் விழும் மழைநீரை எப்படிப் பிடித்தார்கள் என்று அவனையே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

வாய்ப்பாட்டை விடுமுறையில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். ஏழு, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு இந்த நாலில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம், வரிசையாக ஒப்பிக்கச் சொல்லாமல் இடையில் இடையில் கேளுங்கள். சரியாகச் சொன்னால், அதே விடை வேறு எந்த வாய்ப்பாட்டில் வருகிறது என்று கேளுங்கள், அது அவன் பள்ளிப் பழக்கத்துக்கும் ஒத்துப்போகும். மகனிடமும் மருமகளிடமும் பள்ளியைக் குறை சொல்லிப் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். "கணக்கை மட்டும் லீவில் என்னிடம் விடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். மறுக்க மாட்டார்கள்.